எங்கள் பழைய வாழ்க்கைக்கு நேரே 'இல்லை' என்று குறிக்காதீர்கள்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் காசுக்குக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணாமார், அக்காமார் அனைவருக்கும்,

"நான் பொய் சொல்லிப்போட்டேனோ பிள்ளை?"

ஒன்றரை வருடமாக என் அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மரக்கறி வெட்டும்போது கேட்பார். கோயிலுக்குப் போகும் வழியில் காருக்குள் இருந்து கேட்பார். இரவு நான் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வந்திருந்து கேட்பார். அம்மா எந்தப் பொய்யும் சொல்லவில்லை. உங்களில் ஒருவர் அவருடைய கனடாக் குடியுரிமைப் படிவத்தில் எழுதிய பொய் அது. அதன் கீழே இருந்த கையொப்பம் மட்டும்தான் அம்மாவுடையது.

அந்த ஒருவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே விதமாகச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை இந்த ஒன்றரை வருடத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மா 1958இல் பிறந்தவர். 1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கியபோது எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மன்னார்க் கரையில் படகேறி இராமேசுவரம் போனார். மண்டபம் அகதி முகாமில் சில மாதங்கள், பிறகு திருச்சிப் பக்கத்தில் ஒரு முகாம். அந்த முகாமில்தான் எனக்குத் தெரிந்த அம்மா உருவானார். அரசாங்கம் பணக்கொடை கொடுக்கும் நாள், பெயர் கூப்பிட்டு ஆள் பார்க்கும் செக்கிங் நாள், தண்ணீர் வரும் நேரம் என்று இருபத்தைந்து வருடம் அங்கேயே கழிந்தது. நான் கலியாணம் செய்து கனடா வந்து, பிறகு அவரை ஸ்பொன்சர் செய்தேன். சென்னையில் இருந்த இலங்கைத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுத்து, இந்தியாவை விட்டு வெளியேறுவதற்கு அனுமதியும் வாங்கி, 2015இல் இங்கே வந்து இறங்கினார்.

2022இல் குடியுரிமைக்குப் போடுவோம் என்று முடிவெடுத்தோம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மொழிச் சான்றும் பரீட்சையும் தேவையில்லை. ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அம்மாவுக்கு எப்போதோ நிறைந்துவிட்டது. சுகமாக முடிகிற அலுவல் என்றுதான் நினைத்தோம். எனக்கு இரண்டு வேலை. அதனால் என் கணவர் அம்மாவை ஒரு கடைத்தொகுதிக்குள் இருந்த உங்கள் அலுவலகங்களில் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். நூற்றைம்பது டொலர். அரை மணித்தியாலம்.

அங்கே நடந்த உரையாடலை அம்மா எனக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். சொல்லுக்குச் சொல் மனப்பாடம்.

"வேற நாட்டிலை எங்கையும் இருந்தனீங்களோ அம்மா?"

"ஓம் தம்பி. இந்தியாவிலை கனகாலம்."

"விசாவோடையோ?"

"இல்லை. அகதியாய். முகாமிலை."

"அப்ப அது ஒண்டுமில்லை. ஸ்டேட்டஸ் இருந்தால்தான் போடவேணும். அதோட, அது அஞ்சு வருசத்துக்கு முந்தின கதை. எழுதினால் கிண்டத் தொடங்குவாங்கள்."

இவ்வளவுதான். 'இல்லை' என்ற பெட்டியில் ஒரு அடையாளம். "இதிலை ஒரு சைன் வையுங்கோ அம்மா." அம்மாவும் வைத்தார்.

அண்ணாமாரே, அந்தப் பெட்டி எதைக் கேட்கிறது என்று ஆறுதலாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கனடா தவிர்ந்த வேறு ஏதாவது நாட்டில், உங்கள் சொந்த நாடும் உட்பட, உங்களுக்குக் குடிவரவு நிலையோ குடியுரிமை நிலையோ இருக்கிறதா, அல்லது முன்பு இருந்ததா என்று கேட்கிறது. ஆம் என்றால் எந்த நாடு, என்ன நிலை, எப்போதிருந்து எப்போது வரை என்று எழுத இடமும் விட்டிருக்கிறது. சொந்த நாடும் உட்பட என்ற சொற்களைக் கவனியுங்கள். வேறொரு நாட்டில் பிறந்து அதன் கடவுச்சீட்டோடு இங்கே வந்த ஒருவருக்கு இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் இருக்கவே முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கைக் கடவுச்சீட்டில் வந்து இறங்கிய என் அம்மாவுக்கு நீங்கள் 'இல்லை' என்று குறித்தபோது, அவர் இலங்கைக் குடிமகளாகவே ஒருநாளும் இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முகாம் கதையை விடுங்கள், முதல் வரியே பிழை. அந்தக் கேள்வியை முழுவதும் வாசித்த ஒருவர் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டார்.

ஐந்து வருடக் கதை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கியது. முகவரிகளை எழுதச் சொல்லும் இடத்திலும், வேலை, படிப்பு விவரம் கேட்கும் இடத்திலும் ஐந்து வருடக் கணக்கு வருகிறது. பொலிஸ் சான்றிதழுக்கு வேறு கணக்கு: கடந்த நான்கு வருடத்தில் வேறு ஒரு நாட்டில் தொடர்ச்சியாக 183 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தீர்களா என்று பார்க்கிறார்கள். பழைய நிலையைப் பற்றிய கேள்விக்கு அப்படி எல்லை எதுவும் போடப்படவில்லை. 'இருந்ததா' என்று கேட்டால் எப்போதாவது இருந்ததா என்றுதான் பொருள். பக்கத்துக் கேள்வியின் எல்லையைத் தூக்கி இந்தக் கேள்வியின் மேல் போட்டுவிட்டு, "அது பழைய கதை" என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்கிறீர்கள்.

2023இல் குடிவரவுத் திணைக்களத்திடம் இருந்து கடிதம் வந்தது. மிரட்டல் தொனி எதுவும் அதில் இருக்கவில்லை. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோது இந்தியாவில் 1990 முதல் வசித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள், இப்போது வேறு எந்த நாட்டிலும் எந்த நிலையும் இருந்ததில்லை என்கிறீர்கள், விளக்கம் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் பிழையே இல்லை. ஸ்பொன்சர் செய்த காலத்தில் நானே கையால் நிரப்பிய படிவம் அது. முகாமின் பெயர், வருடம், மாதம் எல்லாம் எழுதியிருந்தேன். இரண்டு படிவமும் ஒரே கோப்பில்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு அம்மா படுக்கைக்குக் கீழே வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தோம். முகாமின் குடும்ப அட்டை, ஓரம் கரைந்த அகதி அடையாள அட்டை, எங்கள் மூன்று பேரின் சிறு வயதுப் படம் ஒட்டிய ஒரு தாள். இவை எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, விளக்கக் கடிதம் எழுதி அனுப்பினோம். உரிமம் பெற்ற ஒருவரிடம் போனோம். அவருக்குக் கொடுத்த காசைச் சொல்ல விரும்பவில்லை. அந்த இடைவெளியில் வவுனியாவில் அம்மாவின் மூத்த அண்ணா இறந்துபோனார். "போனால் திரும்பி உள்ளுக்கு விடுவாங்களோ" என்று பயந்து அம்மா போகவில்லை. போயிருக்கலாம், அவரிடம் செல்லுபடியான நிரந்தர வதிவிட அட்டை இருந்தது. நான் எவ்வளவோ சொன்னேன். அந்தக் கடிதம் வந்த நாளில் இருந்து அவருக்கு எந்தத் தாளிலும் நம்பிக்கை இருக்கவில்லை. தமையனின் முகத்தை வட்ஸ்அப்பில்தான் கடைசியாகப் பார்த்தார்.

கடைசியில் அதிகாரி விளக்கத்தை ஏற்றுக்கொண்டார், அம்மா சத்தியப்பிரமாணம் எடுத்தார். எங்களுக்கு நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

முகாமில் இருந்தது 'நிலை'யா இல்லையா என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி என்று ஒப்புக்கொள்கிறேன். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட நாடு இல்லை. விசா இல்லாமல் படகில் போன எங்களைச் சட்டம் வெளிநாட்டார் என்றே பார்த்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோதக் குடியேறிகள் என்ற சொல்லும் எங்கள்மேல் விழுந்தது. மறுபக்கம், அரசாங்கமே எங்களைப் பதிந்தது, அடையாள அட்டை தந்தது, மாதாமாதம் பணக்கொடை தந்தது, முகாமை விட்டு வெளியே தங்கப் போனால் அனுமதி கேட்கச் சொன்னது. 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரையே 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. இத்தனையும் 'ஒண்டுமில்லை' ஆகிவிடுமா? ஒரு பெட்டிக்குள் அடங்காத வாழ்க்கை என்றால் தனித்தாளில் எழுதி இணைக்க வேண்டும். 'இந்தியா, பதிவு செய்யப்பட்ட இலங்கை அகதி, விசா இல்லை, 1990 முதல் 2015 வரை' என்று ஒரே வரி போதும். கடைசியில் நாங்கள் அனுப்பிய விளக்கக் கடிதத்தின் சாரமும் இந்த ஒரு வரிதான். முதல் நாளே எழுதியிருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் கதை தெரியவந்த பிறகு, கோயிலிலும் கலியாண வீடுகளிலும் ஆட்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள். ஒருவருக்குச் சுவிஸில் அடைக்கல வழக்கு நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு சில வருடம் அங்கே தற்காலிகமாகத் தங்க விடும் 'எஃப்' அட்டையில் இருந்திருக்கிறார். இன்னொருவர் ஜெர்மனியில் நாடுகடத்தலைத் தள்ளிவைக்கும் 'டுல்டுங்' தாளை நீட்டி நீட்டி ஏழு வருடம் ஓட்டியவர். ஒரு தம்பி மாணவ விசாவில் லண்டன் போய், கல்லூரிக்கு ஒழுங்காகப் போகாமல் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து, அங்கிருந்து இங்கே வந்தவர். சவூதியில் இக்காமா என்ற வதிவிட அனுமதியோடு பதினொரு வருடம் சாரதியாக இருந்த ஒரு அண்ணா. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்த்துவிட்டு வந்த கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று. இவர்கள் யாருக்கும் கனடாவிடம் மறைக்க வேண்டிய பாவம் எதுவும் இல்லை. வேறொரு நாட்டில் முன்பு வேலை செய்ததோ, படித்ததோ, அடைக்கலம் கேட்டு மறுக்கப்பட்டதோ, அது மட்டுமே கனடாக் குடியுரிமையை மறுக்கக் காரணம் ஆகாது. ஆனாலும் இவர்களில் மூன்று பேருடைய படிவங்களில் 'இல்லை' என்றே குறிக்கப்பட்டிருந்தது. மூன்றும் மூன்று வேறு அலுவலகங்களில்.

இலங்கை மலையகத்தில், அட்டனில் பிறந்த ஒரு அக்காவின் படிவத்தை வாசித்தபோது எனக்கு மனம் மிகவும் நொந்தது. அவருக்கு 'ஆம்' என்றுதான் குறித்திருந்தார்கள். 'இலங்கைக் குடிமகள், பிறந்த நாளில் இருந்து' என்று எழுதியிருந்தார்கள். அந்த அக்காவின் குடும்பம் தோட்டக் குடும்பம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு அவர்களைப் பங்கு பிரித்தபோதும் அவருடைய அப்பாவின் விண்ணப்பம் எங்கோ தேங்கி நின்றது. 2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அந்த அக்கா இலங்கைக் குடிமகள் ஆனார். பிறந்த நாளில் இருந்து 2003 வரை அவர் எந்த நாட்டுக்கும் உரியவராக இருக்கவில்லை. ஒரு தலைமுறை முழுக்க அனுபவித்த அநியாயம் அது. அதைப் பதிந்து வைக்க இந்த உலகத்தில் ஒரு படிவம் இடம் விட்டிருந்தது. அதிலும் நீங்கள் ஒரு பொய்யை நிரப்பினீர்கள். கேட்டிருந்தால் அந்த அக்கா சொல்லியிருப்பார். கேட்கவே இல்லையாம்.

முகாமில் பிறந்த பிள்ளைகளின் கதை இன்னொரு விதம். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அப்படிப் பிறந்து, பிறகு கனடா வந்த ஒருவர் உங்கள் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தால் அவருடைய படிவத்தில் என்ன எழுதுவீர்கள்? இது அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலையா?

"இதெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது" என்று நீங்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். சரி, எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முதலில், நாங்களே சொல்லியிருக்கிறோம். அகதிக் கோரிக்கைப் படிவத்தில், நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில், எல்லைக் காவலரிடம், விசா கேட்ட தூதரகத்தில். அவை எல்லாம் அழியாமல் இருக்கின்றன. அடுத்தது, கனடாவும் அமெரிக்காவும் விசா, குடிவரவுத் தகவல்களைப் பகிர்வதற்கு 2012 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தன. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடும் கனடாவுக்கு அத்தகைய பகிர்வு இருக்கிறது. 2018 டிசம்பர் 31 முதல் ஆசிய நாடுகளில் இருந்து விசாவுக்கும் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிப்பவர்களிடம் கைரேகை எடுக்கிறார்கள். லண்டனில் மாணவனாகப் பதிந்த விரலும் இங்கே பதிந்த விரலும் ஒரே விரல்தான்.

எங்கள் சமூகத்துக்கு இது புதுப் பாடமும் இல்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். இந்தியாவில் இருந்து நேராக வந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியில் இருந்து கப்பலேறியவர்கள் என்பது சில நாட்களிலேயே வெளியே வந்துவிட்டது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், குளிரில், மூடுபனிக்குள் கிடந்தவர்கள் சொன்னது அது. ஆனால் அடுத்து நடந்ததையும் மறக்கக்கூடாது. உண்மை தெரிந்த பிறகும் அப்போதைய பிரதமர் மல்ரோனியின் அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, இங்கே தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. ஜெர்மனியில் இருந்தோம் என்ற உண்மை அவர்களுக்குக் கேடாக முடியவில்லை. அதை மறைத்ததுதான் பத்திரிகைகளில் எங்கள் பெயரைக் கெடுத்தது, பிறகு வந்த அகதிகளையும் சந்தேகத்தோடு பார்க்க வைத்தது. அந்தப் பயத்தை நீங்கள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பாதுகாப்பான ஒரு அறையில், சூடேற்றி போட்டு, தேநீரும் கொடுத்து விற்கிறீர்கள்.

பொய் எழுதினால் என்ன ஆகும் என்பதை எந்த வாடிக்கையாளருக்காவது நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா? குடியுரிமைச் சட்டத்தின்படி, தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுத்தால் ஒரு இலட்சம் டொலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். 2014இல்தான் தண்டனையை இவ்வளவு உயர்த்தினார்கள். முக்கியமான விவரத்தை மறைத்ததாக முடிவானால் ஐந்து வருடத்துக்குக் குடியுரிமை பெற முடியாது. பொய்யினால் பெற்ற குடியுரிமையைப் பிறகும் பறிக்கலாம். பறித்தால் பத்து வருடத்துக்கு மறுபடி பெற முடியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகு தொடமாட்டார்கள் என்று காலக்கெடு எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. நாஜிக் கொலைப்படை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்ததை மறைத்து 1960இல் கனடாக் குடிமகன் ஆன ஹெல்முட் ஓபர்லாண்டரின் குடியுரிமையை 2001இல் முதன்முதலில் பறித்தார்கள். வழக்கு மேல் வழக்காகப் போய் 2017இல் கடைசியாகவும் பறித்தார்கள். அந்த ஆளோடு எங்கள் அம்மாமாரை ஒப்பிடுவேனா? அவர் மறைத்ததும் எங்கள் ஆட்கள் மறைப்பதும் மலையும் மடுவும். வருடம் ஓடிவிட்டது என்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இத்தனை பாரமும் யார் தலையில் விழுகிறது? கையொப்பம் வைத்தவர் தலையில். நான் சொன்ன ஒரு படிவத்திலாவது நிரப்பிக் கொடுத்தவரின் பெயர் எந்த மூலையிலும் இல்லை. பிரதிநிதி என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும், சட்டச் சங்கத்தில் உரிமம் பெற்ற பராலீகலுக்கும், கியூபெக் நோட்டரிக்கும், உரிமம் பெற்ற ஆலோசகருக்கும்தான் சட்டம் இடம் தருகிறது. ஆலோசகர்களை ஒழுங்குபடுத்த 2021 நவம்பரில் தனி அமைப்பே தொடங்கியிருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் 'இதைப் போடு, இதை விடு' என்று காசுக்குச் சொல்வது குற்றம். உங்களில் சிலருக்கு உரிமம் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். உரிமம் உள்ளவர்களும் இதே 'இல்லை'யைக் குறித்திருக்கிறார்கள் என்பதால்தான் உங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத எங்கள் தாய்மாருக்கு நீங்கள்தான் கதவு. வங்கிக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம் எல்லாவற்றையும் உங்களிடம்தான் கொண்டு வருகிறார்கள். வந்தவரைச் சங்கடத்தில் மாட்டக்கூடாது என்ற அக்கறையில்தான் 'எழுத வேண்டாம்' என்கிறீர்கள். கேள்விக்குப் பதில் சொன்னதால் அடி வாங்கிய நாட்டில் இருந்து வந்தவர்கள் நாங்கள். செக்கிங் நாளில் பெயர் கூப்பிட்டால் முன்னே போய் நிற்காவிட்டால் அடுத்த மாதப் பணக்கொடை நின்றுபோகும் என்று வாழ்ந்தவர்கள். அதிகாரியிடம் குறைவாகச் சொல்வதுதான் பாதுகாப்பு என்று உடம்பே பழகிவிட்டது. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அம்மா வீட்டுக்குக் கொண்டு வந்த படிவப் பிரதியை அன்று இரவு நான் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 'அண்ணாவுக்குத் தெரியாததா' என்று விட்டுவிட்டேன். அது என் பிழை.

ஆனால் அக்கறை என்றால் அதற்குரிய நேரத்தைக் கொடுங்கள். இனி உங்களிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் பிறந்த நாளில் இருந்து இன்று வரை எந்தெந்த நாட்டில், என்ன தாளில் இருந்தார்கள் என்று தமிழில் கேளுங்கள். 'ஸ்டேட்டஸ்' என்ற சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தச் சொல் என் அம்மாவுக்கு விளங்காது. "அகதி அட்டை இருந்ததா, இக்காமா இருந்ததா, மாணவ விசா இருந்ததா, வழக்குப் போட்டு மறுத்தார்களா, ஒரு தாளும் இல்லாமல் இருந்தீர்களா" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். திகதி சரியாக நினைவில் இல்லை என்றால், நினைவில் இல்லை, ஏறத்தாழ இந்த வருடம் என்று இணைப்புத் தாளில் எழுதுங்கள். நிராகரிக்கப்பட்ட வழக்கை நிராகரிக்கப்பட்டது என்றே எழுதுங்கள். அந்த நாட்டில் தாள் இல்லாமல் இருந்த காலத்தை எப்படி எழுதுவது என்று உங்களுக்கே தெரியாவிட்டால், ஊகித்து நிரப்பாமல், தெரிந்த ஒருவரிடம் அனுப்பிவிடுங்கள். சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன, அவற்றில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நிரந்தர வதிவிடத்துக்கோ அகதிக் கோரிக்கைக்கோ அன்றைக்குக் கொடுத்த படிவத்தின் பிரதியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், தகவல் அறியும் வழியில் தன் கோப்பைத் தானே எடுக்க முடியும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புதுப் படிவத்தில் கை வையுங்கள். பழைய படிவத்திலேயே பிழை இருந்தால் அதைத் திருத்தி விளக்கம் எழுதுங்கள். இரண்டையும் பொருத்துவதற்காகப் புதுப் பொய் எழுதாதீர்கள்.

கையொப்பம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நிரப்பியது நீங்கள் என்றால் உங்கள் பெயரையும் அதற்குரிய இடத்தில் எழுதுங்கள். உரிமம் இல்லாதவர்கள் காசு வாங்குவதை நிறுத்துங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இந்தக் கிழமையே செய்யும்படி கேட்கிறேன். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களின் பட்டியல் உங்கள் கணினியில் இருக்கும். அதில் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தவர்களைத் தேடி எடுங்கள். முடிவு வராதவர்கள் பலர் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, 'நான் பிழையாக நிரப்பிவிட்டேன்' என்று சொல்லுங்கள். முடிவு வருவதற்கு முன் இணையப் படிவம் வழியாகத் தாமாகவே திருத்தம் அனுப்பலாம். அதை அவர்களோடு இருந்து செய்து கொடுங்கள், காசு வாங்காமல். ஏற்கெனவே குடியுரிமை கிடைத்துவிட்டவர்களுக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள், 'இனி ஒண்டும் நடக்காது' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். என் அம்மாவின் படிவத்தை நிரப்பிய தம்பியும் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். அம்மா உங்கள்மேல் கோபப்படவில்லை. ஒருமுறை வந்து, பிழை உங்களுடையது என்று அவரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு மகள்,
ஸ்காபரோ